பொசிஷனிங்: "அது நம்ம கடை இல்ல"

தேயிலைத் தோட்டங்களில் பேமெண்ட் (சம்பளம்) முடிந்த ஞாயிற்றுக்கிழமை, இலங்கை மலையகத்தின் ஹட்டன் டவுனில் நடக்கவே இடம் இருக்காது. அப்படியொரு நாளில் சித்திக்கு ரைஸ் குக்கர் வாங்கப் போனோம். கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை ஒன்றைத் தாண்டும்போது, "இங்க பாப்போமா சித்தி?" என்று கேட்டேன். "வேணாம்பா, அது நம்ம கடை இல்ல" என்றவர், நடையைக்கூடத் தளர்த்தவில்லை. அடுத்த வளைவில் பிளாஸ்டிக் பேசின்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்த கடைக்குள் தன் வீடு மாதிரி நுழைந்து, பேரம் பேசி, ஒன்றை வாங்கினார். திரும்பி வரும்போது கண்ணாடிக் கடையில் எட்டிப் பார்த்தேன். அதே குக்கர் அங்கே 150 ரூபாய் குறைவு. சித்தியிடம் சொல்லவில்லை.

அந்தக் கடைக்காரர் எங்கேயும் 'தோட்டத்து ஆட்கள் வர வேண்டாம்' என்று எழுதிப் போடவில்லை. ஆனால் சித்தியின் மனதில் அந்தக் கடைக்கு ஓர் இடம் ஏற்கெனவே விழுந்துவிட்டது. வணிகத்தில் 'பொசிஷனிங்' என்று சொல்வது இதைத்தான். ஒரு கடை யாருக்கானது, பக்கத்துக் கடையிலிருந்து எதில் வேறுபட்டது என்று வாங்குபவர் மனதில் பதிகிற எண்ணமும், அந்த எண்ணம் பதிவதற்காகக் கடை திட்டமிட்டுச் செய்கிற வேலையும் இரண்டுமே இந்தச் சொல்லுக்குள் வரும். விளம்பரம் அதில் ஒரு பங்குதான். கதவு, வெளிச்சம், விலைச் சீட்டை வெளியே ஒட்டுவதா உள்ளே மறைப்பதா, விற்பனைப் பிள்ளை எந்த மொழியில் "வாங்க" என்கிறது, தவணைக்குத் தருவார்களா, சாமானை எதுவரை கொண்டுவந்து இறக்குவார்கள், எல்லாமே சேர்த்திதான்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'பொனெரே' என்றால் வைத்தல். அதிலிருந்து 'பொசிஷன்' வந்தது. நம் 'போஸ்ட் ஒபிஸ்'ஸில் உள்ள போஸ்டும் அதே வேரில் முளைத்ததுதான். அந்தக் காலத்தில் தபால் கொண்டுபோக வழிநெடுக ஆட்களையும் குதிரைகளையும் நிறுத்தி வைத்தார்கள். நம்மூர்ப் பேச்சில் பொசிஷன் என்றால் பதவி: "அவன் கொழும்புல நல்ல பொசிஷன்ல இருக்கான்." வணிகப் பொருள் பிற்பாடு வந்தது. அமெரிக்காவில் விளம்பரத் தொழிலில் இருந்த ஜாக் ட்ரவுட் 1969 இல் ஒரு கட்டுரையில் இந்தச் சொல்லை எடுத்து ஆண்டார். 1972 இல் அல் ரைஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரைத் தொடர் அதைப் பரப்பியது. பண்டத்தை மாற்றுவதைவிட, வாங்குபவர் மனதில் அதற்கு எந்த இடம் என்பதைத் தீர்மானிப்பதே முக்கியம் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

வீட்டுச் சாமான் வியாபாரத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் வில்லியம்ஸ் சொனோமா என்ற ஒரே நிறுவனம், சமையலறைச் சாமானுக்குத் தன் பெயரிலேயே ஒரு கடையும், குடும்பத் தளபாடங்களுக்கு பொட்டரி பார்ன் என்றும், நவீன பாணி விரும்பும் நகரத்தாருக்கு வெஸ்ட் எல்ம் என்றும் தனித்தனிப் பெயர்களில் கடைகள் நடத்துகிறது. ஒரு பெயருக்கு மனதில் ஓர் இடம்தான் என்று கணக்குப் போடுகிறார்கள். சுவீடனில் 1943 இல் தொடங்கிய ஐக்கியா என்ற தளபாட நிறுவனம் வேறு வழியில் போனது. தட்டையான பெட்டியில் பலகைகளைத் தருகிறோம், நீங்களே தூக்கிப்போய்ப் பொருத்திக்கொள்ளுங்கள், அதனால் விலை குறைவு என்கிறது. அதே உத்தியை இங்கே நினைத்துப் பாருங்கள். லொறி ரோட்டோடு நின்றுவிடும். அல்மாரி கீழ் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப் போக எண்பது படி இறங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் 'நீங்களே தூக்கிப் போங்கள்' என்கிற கடைக்கு என்ன இடம் கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 'வாசல்வரை கொண்டுவந்து தருவோம்' என்கிற கடைதான் ஜெயிக்கும்.

தவணையும் அப்படித்தான். சிங்கர் இலங்கைக்கு வந்தது 1877 இல், தையல் மெஷினோடு. அமெரிக்காவில் 1850களிலேயே மெஷினைத் தவணைக்கு விற்றுப் பழகிய நிறுவனம் அது. 'மொத்தக் காசும் கையில் இல்லாதவருக்கும் மெஷின்' என்பதே அதன் இடம். வாடகைக் கொள்வனவு என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் முறையில், கடைசித் தவணை கட்டும்வரை சாமான் கடைக்காரருக்கே சொந்தம். 10 ஆம் திகதிச் சம்பளத்தையும் தீபாவளி முற்பணத்தையும் நம்பி ஓடும் வீட்டுக்குச் சாமானின் விலையைவிட மாதத் தவணை எவ்வளவு என்பதுதான் கேள்வி. அதை அறிந்த கடைகள் மொத்த விலையைச் சின்னதாகவும் மாதத் தொகையைப் பெரிதாகவும் எழுதுகின்றன. வாசலில் தமிழில் பெரிய பேனர் கட்டிவிட்டு, உள்ளே கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்தை மட்டும் ஆங்கிலத்தில் நீட்டும் கடைகளும் உண்டு. என்னைக் கேட்டால் அது பொசிஷனிங் இல்லை, பசப்பு.

வாங்குபவரும் மாறிக்கொண்டிருக்கிறார். லயக் காம்பராவில் (லயத்து அறையில்) கட்டிலைப் போட்டால் நடக்க இடம் இராது. 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடித் தனி வீடு கிடைத்த குடும்பம், முதல் தடவையாக 'சாப்பாட்டு மேசை எங்கே போடுவது' என்று யோசிக்கிறது. அந்தக் குடும்பத்துக்கென்றே பேசும் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை. நுவரெலியாவில் சீசனுக்கு வாடகை அறை நடத்துபவர் கதை வேறு. அவருக்கு ஒரே மாதிரி இருபது போர்வை வேண்டும், ரசீது வேண்டும், அழகு அடுத்ததுதான்.

ஒரு வேடிக்கையும் உண்டு. நுவரெலியா போகும் வழியில் லபுக்கலையில் நிற்கும் வெளிநாட்டுப் பயணிக்கு டம்ரோ என்ற நிறுவனத்தின் பெயரைச் சொன்னால் தேயிலை. நமக்கு டம்ரோ என்றால் கட்டில், மெத்தை, சோபா. ஒரே பெயருக்கு இரண்டு மனதில் இரண்டு இடம். வில்லியம்ஸ் சொனோமா பிரித்துப் பெயர் வைத்ததை இங்கே வாடிக்கையாளரே பிரித்துக்கொண்டார்.

இனித் தமிழ்ச் சொல். வணிகக் கல்வி வகுப்பில் 'நிலைப்படுத்தல்' என்று படித்தவர்கள் இருப்பீர்கள். பரீட்சைக்கு அது போதும். சிக்கல் என்னவென்றால், 'விலையை நிலைப்படுத்தல்' என்றால் ஏறாமல் இறங்காமல் வைப்பது. ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் மாணவர் குழம்புவார். பத்திரிகைகள் 'நிலைநிறுத்துதல்' என்கின்றன. 'தரமான கடையாகத் தன்னை நிலைநிறுத்திக்கொண்டுள்ளது' என்ற வாக்கியத்தைப் பாருங்கள்: கடை தானே நின்றுகொள்கிறது, வாங்குபவர் வாக்கியத்திலேயே இல்லை.

நான் பரிந்துரைப்பது 'இடம்பிடித்தல்'. பஸ் ஜன்னல் வழியே கைக்குட்டையைப் போட்டு சீட் பிடிக்கிறோமே, அதே சொல். 'மனதில் இடம்பிடித்தாள்' என்று எப்போதோ சொல்லப் பழகியும்விட்டோம். இந்த வினையைச் சொன்னதும் 'எங்கே, யார் மனதில்?' என்ற கேள்வி தானாக எழும். ரைஸும் ட்ரவுட்டும் கட்டுரைத் தொடர் எழுதி விளக்கியதைத் தமிழ் இலக்கணம் ஓர் ஏழாம் வேற்றுமை உருபில் கேட்டுவிடுகிறது. பெயர்ச்சொல்லாக 'இடம்பிடிப்பு' எனலாம். 'மனத்திடம்' என்று சுருக்க ஆசைப்படாதீர்கள், அது தைரியம் என்று ஆகிவிடும். 'முதல் பத்தில் இடம்பிடித்தது' என்ற தரவரிசைப் பொருளோடு மோதுமே என்று ஒரு நண்பர் கேட்டார். மோதும்தான். 'மனதில்', 'வாடிக்கையாளரிடம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் தீர்ந்தது.

பிடித்த இடத்தை மாற்றப் பார்ப்பது 'மறு இடம்பிடிப்பு'. அது கடினம். போன தீபாவளிக்கு அந்தக் கண்ணாடிக் கடைக்காரரும் வாசலில் பேசின்களைத் தொங்கவிட்டிருந்தார், தமிழ் பேசும் பிள்ளை ஒன்றையும் நிறுத்தியிருந்தார். சித்தி ஒரு நிமிடம் நின்று பார்த்தார். "கடைய மாத்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, வளைவைப் பார்த்து நடந்தார்.