‘கல்ட்’ படமும் பற்றாளர் படமும்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் இளையோர் திரைப்படங்களைப் பற்றிக் கருத்துப் பரிமாறும்போது ‘கல்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. நன்றாக ஓடிய படமும் கல்ட், பழைய படமும் கல்ட், நண்பருக்குப் பிடித்த படமும் கல்ட் என்றாகிவிட்டதால், அச்சொல் குறிக்க வந்த தனித்தன்மையே மங்கிப்போகிறது. அதன் பொருளைத் தெளிந்துகொள்ளாமல் அதற்குத் தமிழ் தேடுவதில் பயனில்லை.

இச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியின் ‘கொலெரே’ என்னும் வினையாகும். நிலத்தை உழுது பயிரிடுதல், ஓரிடத்தில் குடியிருத்தல், பேணுதல், தெய்வத்தை வழிபடுதல் ஆகிய பொருள்கள் யாவும் அந்த ஒரே வினைக்கு உண்டு. அதிலிருந்து பிறந்த ‘குல்துஸ்’ என்னும் பெயர்ச்சொல், பிரெஞ்சு மொழியின் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோது வழிபாடு என்ற பொருளையே தாங்கி வந்தது. குளத்து நீரை நம்பிக் கமம் செய்து, முதல் விளைச்சலைப் பொங்கிப் படைக்கும் வன்னி மக்களுக்கு, உழவையும் தொழுகையையும் ஒரே சொல்லுக்குள் வைத்த அந்தப் பழைய மனம் அந்நியமானதன்று. பின்னாளில் ஒரு தலைவரையோ கொள்கையையோ தீவிரமாகப் பின்பற்றும் சிறு குழுவையும் அச்சொல் குறித்தது. சிறிய கூட்டம், மிகுந்த ஈடுபாடு என்னும் இவ்விரு கூறுகளோடுதான் அது திரைப்படத்துக்கு வந்தது.

1970களில் நியூயோர்க் நகரத்துத் திரையரங்குகள் சில, வழக்கமான காட்சிகளில் எடுபடாத படங்களை நள்ளிரவில் திரையிட்டன. 1975இல் வெளியாகித் தோல்வியுற்ற ‘த ரொக்கி ஹொரர் பிக்சர் ஷோ’ மறு ஆண்டு நள்ளிரவுக் காட்சிக்கு மாறியதும், பார்த்தவர்களே மறுபடி மறுபடி வந்தனர். பாத்திரங்களைப் போல உடுத்தினர். திரையில் பேசுவோருக்கு மறுமொழி கூவினர். திருமணக் காட்சியில் அரிசி எறிந்தனர். ஆகவே வெளிவந்தபோது கிடைத்த வசூலையோ விருதையோ கொண்டு ஒரு படத்தைக் கல்ட் என்று சொல்ல முடியாது. அதனோடு ஒரு கூட்டம் விடாமல் பேணிவரும் உறவே அளவுகோல். 2003இல் திரையரங்குகளில் தோற்று, பின்னர் மெல்ல மெல்லப் பற்றுள்ளவர்களைத் திரட்டிக்கொண்ட ‘அன்பே சிவம்’ இதற்குத் தக்க தமிழ் எடுத்துக்காட்டு.

‘வழிபாட்டுப் படம்’ என்று நேராகப் பெயர்ப்பதை நான் ஏற்கவில்லை. வன்னியில் அதைக் கேட்பவர் பக்திப் படம் என்றே விளங்கிக்கொள்வார். அன்றியும், முல்லைத்தீவுப் பகுதியின் கோவலன் கூத்தையும் காத்தவராயன் கூத்தையும் விடியும்வரை இருந்து பார்ப்போர், அடுத்து வரும் பாட்டை முன்கூட்டியே அறிந்திருந்தும் அதற்காகவே காத்திருப்பர். அங்கே பார்ப்பது மெய்யாகவே வழிபாட்டோடும் நேர்த்திக்கடனோடும் இணைந்தது. நள்ளிரவுப் படத்தில் வழிபாடு என்பது உவமை மட்டுமே. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால் கூத்துக்கும் நீதி செய்தவர்களாக மாட்டோம். ‘இரசிகர் படம்’ என்பதும் பொருந்தாது. இரசிகர் பெரும்பாலும் நடிகருக்கு உரியவர், அந்நடிகரின் எல்லாப் படங்களுக்கும் செல்பவர்.

‘பற்றாளர் படம்’ என்பதே பொருத்தமானது என்பது என் துணிபு. ‘பற்று’ என்னும் வேர் இறுகப் பிடித்தலையும், விருப்பத்தையும், தீயைப் போல ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுதலையும் ஒருங்கே குறிக்கிறது. இத்தகைய படம் ஒருவர் சொல்ல மற்றவர் பார்த்தே பரவுகிறது. ‘தமிழ்ப்பற்றாளர்’ என்ற சொல் நமக்கு முன்பே பழக்கமானது என்பதால் வாயிலும் எளிதாக வரும்.

நகைச்சுவைக்கும் இச்சொல் பொருந்தும். ஒரு படைப்பைப் பகுதி பகுதியாகக் கழற்றி எடுத்து நினைவில் வைத்திருக்க முடிந்தால்தான் அதற்குப் பற்றாளர் சேர்வர் என்று இத்தாலிய அறிஞர் உம்பேர்ட்டோ எக்கோ 1980களில் விளக்கினார். தமிழ்ப் படத்தின் நகைச்சுவைப் பகுதி, கதையிலிருந்து கழற்றினாலும் தனித்து நிற்கும் வகையில் அமைவது வழக்கம். 2001இல் வெளியான ஒரு படத்தில் வடிவேலு நடித்த ஒப்பந்தக்காரர் நேசமணி, 2019இல் உலகெங்கும் தமிழரின் பேச்சாக மீண்டும் எழுந்தது அதனாலேயே. வன்னியில் பகிடி சொல்வோர், படத்தின் பெயரைச் சொல்லாமல் அதன் ஒரு வரியை மட்டும் எறிய, கேட்பவர் அடுத்த வரியைச் சொல்லி முடிப்பதும் இதே பற்றுத்தான்.

சிறுவயது நூல்களில் இதற்கு எடுத்துக்காட்டாக இரும்புக்கை மாயாவி என்னும் சித்திரக்கதை நாயகனைச் சொல்லலாம். 1962இல் பிரித்தானியச் சிறுவர் வார இதழொன்றில் பிறந்த இந்தப் பாத்திரம், 1972இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தது. ஆங்கில இதழ் 1976இல் நின்றுபோன பின்னும், தமிழில் மறுபதிப்புகளைத் தேடி வாங்குவோர் இருக்கின்றனர். போரில் வீடுகளோடு புத்தகங்களையும் இழந்த வன்னியில், சிறுவயதில் படித்த சித்திரக்கதையை ஒருவர் மீண்டும் தேடுவதன் பொருள் இன்னும் ஆழமானது. அவர் தேடுவது பலவேளைகளில் தம் வீட்டு அலுமாரியில் இருந்த அந்த ஒரு பிரதியைத்தான்.

வழக்கில், “அந்தப் படம் கல்ட்” என்பதற்குப் பதிலாக “அந்தப் படத்துக்குப் பற்றாளர் கூட்டம் உண்டு” என்றும், பெயராக வருமிடத்தில் ‘பற்றாளர் படம்’, ‘பற்றாளர் நூல்’ என்றும் எழுதலாம்.