ஆய்வு அல்ல, பயில்வு

கிளிநொச்சியில் மாணவர் சித்திரக் கண்காட்சி ஒன்று. அஞ்சலட்டை அளவுத் தாளில், நீர்வர்ணத்தில், வயதான ஒரு கை. புறங்கை நரம்புகள் பச்சையும் நீலமுமாகப் புடைத்திருந்தன. சுட்டுவிரல் நுனியில் துளி வெள்ளை: வெற்றிலைக்குத் தடவிய சுண்ணாம்பு. அதற்கு வர்ணமே பூசவில்லை. தாளை அப்படியே விட்டிருக்கிறாள் பிள்ளை. பார்த்துக்கொண்டே நிற்கலாம். கீழே ஒட்டியிருந்த துண்டைப் பார்த்ததும்தான் வயிறு எரிந்தது: 'மனிதக் கை பற்றிய ஓர் ஆய்வு'.

பக்கத்தில் நின்ற ஐயா கேட்டார்: "ஆய்வு எண்டா, முடிவு என்னவாம் தம்பி?"

ஆங்கிலத்தில் இந்த வகைப் படம் 'ஸ்டடி'. மூலம் லத்தீன் 'ஸ்டூடியம்': ஈடுபாடு, முனைப்பு. பெரிய ஓவியத்துக்கு முன் ஓர் உறுப்பையோ துணிமடிப்பையோ கண்ணும் கையும் பழகிக்கொள்வது. ஜெர்மன் ஓவியர் டியூரர் 1508 இல் நீலத் தாளில் தூரிகையால் வரைந்த தொழும் கைகளும் இப்படித்தான், தேவாலயப் பீட ஓவியம் ஒன்றின் அப்போஸ்தலருக்காகப் பழகியவை. அந்த ஓவியத்தின் நடுப்பலகை 1729 இல் மூனிச்சில் எரிந்துபோனது. பழகிய கைகள் வியன்னாவில் இருக்கின்றன.

இதில் ஆய்வு எங்கே வந்தது? ஆய்வென்றால் கேள்வி வேண்டும், தரவு வேண்டும், ஐயா கேட்ட முடிவும் வேண்டும். வன்னியில் அந்தச் சொல்லுக்கு வேறொரு வாடையும் உண்டு. படிவத்தோடு வந்து குடும்ப அட்டை இலக்கம் எழுதிக்கொண்டு போனவர்கள், திரும்பி வராதவர்கள், எல்லாரும் செய்தது 'ஆய்வு'தான். 'கற்கை' என்பார் சிலர். எனக்குக் கற்கைநெறிக்குக் காசு கட்டிய ஞாபகம்தான் வருகிறது. 'முன்வரைவு' அவசரமாகக் கீறுவதற்குச் சரி, இது ஆற அமர இருந்து பார்த்தது. 'பயிற்சி ஓவியம்' பொருளில் கிட்ட வருகிறது, ஆனால் வீட்டுவேலைக் கொப்பியின் மணம். அகராதியில் முதலாவதாக நிற்கும் சொல்லைப் பிடுங்கி ஒட்டுவதுதான் இப்போது மொழிபெயர்ப்பு. சட்டியும் பூசணிக்காயும் வரைந்த படத்துக்கு, ஆங்கிலத்தில் 'ஸ்டில் லைஃப்' என்பதால், 'நிலையான வாழ்க்கை' என்று எழுதியதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

'பயில்வு' என்று எழுதலாமே. பயில்தல் என்றால் பழகுதல், திரும்பத் திரும்ப நிகழ்தல். நெருங்குதல் என்றும் பொருள். 'சித்திரமும் கைப்பழக்கம்' என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புதுச்சொல்கூட இல்லை.

புறப்படும்போது வரைந்த பிள்ளையிடம் இது என்ன என்று கேட்டேன்.

"அம்மம்மான்ர கையை வைச்சுக் கீறிப் பழகினனான், சேர்."