குழுமாத் தாக்குதல்: 'நோ-ஹடில் ஆஃபென்ஸ்' என்னும் சொல்லின் விளக்கம்

அமெரிக்கக் கால்பந்தில், ஒரு நகர்வு முடிந்ததும் பந்துடைய அணியின் 11 வீரர்களும் சற்றுப் பின்வாங்கி வட்டமாக நின்று, ஆட்டத்தை நடத்தும் வீரரான குவார்ட்டர்பேக் சொல்லும் அடுத்த திட்டத்தைக் கேட்டுக்கொண்டு, பிறகு பந்து இருக்கும் கோட்டுக்கு வருவது வழக்கம். அந்த வட்டம்தான் ஹடில். அதைத் தவிர்த்து, நேராகக் கோட்டில் வந்து நின்று, அங்கேயே குரலாலும் கைச்சைகையாலும் திட்டத்தைப் பரிமாறிக்கொண்டு அடுத்த நகர்வைத் தொடங்கும் முறை 'நோ-ஹடில் ஆஃபென்ஸ்' எனப்படுகிறது.

'ஹடில்' 16ஆம் நூற்றாண்டு முதல் ஆங்கிலத்தில் வழங்கும் சொல். மூடுதல், காத்தல் என்னும் பொருளுடைய கீழ்ஜெர்மானியச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பாளர்களின் கருத்து. நெருங்கிக் கூடுதல் என்பது அதன் பொதுப்பொருளாக நிலைத்துவிட்டாலும், விளையாட்டுக்குள் அது நுழைந்த வரலாற்றில் மறைத்தல் என்னும் பழைய பொருளே முன்நிற்கிறது. வாஷிங்டனில் இன்று கேலடெட் பல்கலைக்கழகம் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் காது கேளாத மாணவர்களின் அணி இருந்தது. அதன் குவார்ட்டர்பேக்கான பால் ஹப்பர்ட், தம்மைப்போலவே சைகைமொழி அறிந்த வேறு அணிகளோடு மோதும்போது தம் சைகைகளை எதிரணியினர் படித்துவிடாதிருக்க, 1894ஆம் ஆண்டளவில் தம் வீரர்களை வட்டமாக நிறுத்தி அதன் நடுவே சைகை செய்தார் என்று கூறப்படுகிறது. 1920களில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாப் சப்கி போன்றோரால் இவ்வழக்கம் கல்லூரி ஆட்டங்களில் பரவியது. அதற்கு முன்பெல்லாம் திட்டங்களைக் கோட்டில் நின்றே குறிச்சொற்களால் கூவி அறிவித்தனர். ஆகவே, குழுமாமல் ஆடுவது குழுமி ஆடுவதைவிடப் பழையது. குழுமுதல் நியதியான பிறகே அதன் இன்மையைக் குறிக்க ஒரு பெயர் தேவைப்பட்டது.

'ஆஃபென்ஸ்' என்பதற்கு அகராதிகள் முதலில் தரும் 'குற்றம்' என்னும் பொருள் இங்குப் பொருந்தாது. பந்தை வைத்துக்கொண்டு முன்னேறும் அணியையும் அந்த அணி ஆடும் முறையையும் அமெரிக்கர்கள் முதலசையை அழுத்தி 'ஆஃபென்ஸ்' என்கின்றனர். தமிழில் அணியைத் 'தாக்கும் அணி' என்றும் முறையைத் 'தாக்குதல்' என்றும் பிரித்துச் சொல்லலாம்.

இச்சொல்லைப் பற்றிய பெருங்குழப்பம் விரைவு தொடர்பானது. 'ஹரி-அப்' எனப்படும் விரைவுத் தாக்குதலையும் இதையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். ஆட்டம் முடியும் தறுவாயில் நேரத்தை மிச்சப்படுத்தக் குழுமாமல் விரைவது பழைய வழக்கம் என்பதால் இந்த மயக்கம் எழுந்தது. ஆனால் இந்தியானாபோலிஸ் கோல்ட்ஸ் அணியின் குவார்ட்டர்பேக்காக இருந்த பேட்டன் மேனிங் குழுமாமல் கோட்டுக்கு வந்த பிறகு, எதிரணி நிற்கும் விதத்தை நிதானமாக ஆராய்ந்து, திட்டத்தை மாற்றி, நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் சில நொடிகளே எஞ்சியிருக்கும்போதுதான் பந்தைக் கேட்டு வாங்குவார். அதுவும் குழுமாத் தாக்குதலே. விரைவு அதில் இல்லை. எனவே இதை 'விரைவுத் தாக்குதல்' என்று பெயர்ப்பது பிழை.

குழுமாதிருப்பதன் பயன் எதிரணியின் கையைக் கட்டிப்போடுவதில் இருக்கிறது. அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகான என்.எஃப்.எல். விதிப்படி தாக்கும் அணி ஆளை மாற்றினால், காக்கும் அணிக்கும் மாற்றிக்கொள்ள அவகாசம் தர வேண்டும். தாக்கும் அணி ஒருவரையும் மாற்றாமல் கோட்டில் நின்றுகொண்டால் அந்த அவகாசம் கிடையாது. எந்த நொடியிலும் பந்து நகரலாம் என்பதால் காப்போர் ஆள்மாற்றத் துணிவதில்லை. மீறி மாற்ற முனைந்து 12 பேராகக் களத்தில் அகப்பட்டுக்கொண்டால் 5 கெஜம் தண்டம். காக்கும் அணியின் கனத்த உடல்கொண்ட முன்வரிசை வீரர்கள் மூச்சு வாங்குகின்றனர். நுட்பமான காப்புத் திட்டங்களைச் சொல்லிப் புரியவைக்க நேரமின்றி எளிய திட்டங்களுக்குள் ஒடுங்கவும் நேர்கிறது.

இதை நேரநெருக்கடிக்கு உரிய உத்தி என்ற நிலையிலிருந்து ஆட்டம் முழுவதற்குமான முறையாக உயர்த்தியவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் பயிற்சியாளர் சாம் வைச். பூமர் எசையசன் குவார்ட்டர்பேக்காக இருந்த 1988ஆம் ஆண்டுப் பருவத்தில் அது பெரும் சச்சரவாயிற்று. 1989 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியுடன் நடந்த, லீகின் இரு பிரிவுகளுள் ஒன்றின் இறுதியாட்டத்துக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு, அம்முறையைக் கையாண்டால் தண்டம் விதிக்கப்படும் என்று லீக் நிர்வாகம் அறிவித்தது. பில்ஸ் பயிற்சியாளர் மார்வ் லெவி அம்முறையைக் கடுமையாக எதிர்த்திருந்தார். ஆயினும் பெங்கால்ஸ் 21–10 என வென்றது. பின்னர் அதே லெவியின் பில்ஸ் அணிதான், குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியின் தலைமையில் 'கே-கன்' என்ற பெயரில் இம்முறையைக் கைக்கொண்டு, லீகின் இறுதியாட்டமான சூப்பர் பவுலைத் தொடர்ந்து நான்கு முறை எட்டியது; நான்கிலும் தோற்றது. அவற்றுள் முதலாவதான 1991 ஜனவரி ஆட்டத்தில், நியூயார்க் ஜயன்ட்ஸ் பந்தை 40 நிமிடங்களுக்கு மேல் தன்னிடமே வைத்திருந்து 20–19 என வென்றது. குழுமாத் தாக்குதலுக்கு அன்று கிடைத்த மறுமொழி, பந்தையே தராதிருப்பதுதான்.

இனித் தமிழ்ப்பெயர். 'கூடாத் தாக்குதல்' முதலில் நாவில் வருகிறது. ஆனால் 'கூடாத' என்பதற்கு இன்று 'செய்யத்தகாத' என்னும் பொருளே மேலோங்கியிருப்பதால், தடைசெய்யப்பட்ட தாக்குதல் என்று வாசகர் கொள்ளக்கூடும். 'சூழ்' என்னும் வினை மேலும் ஈர்க்கிறது. சுற்றி நிற்றல், ஆராய்ந்து திட்டமிடல் ஆகிய இரு பொருளும் அதற்கு உண்டு. ஹடிலில் நடப்பவையும் இவ்விரண்டே. ஹடிலைச் 'சூழ்வு' என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆயினும் 'சூழாத் தாக்குதல்' என்றதும் திட்டமிடாத தாக்குதல் என்னும் பொருளும் தோன்றிவிடுகிறது. உண்மையில் இம்முறையில் திட்டம் குறைவதில்லை. ஒற்றைச் சொல்லிலோ ஒரு கையசைவிலோ முழுத்திட்டத்தையும் உணர்த்த வேண்டியிருப்பதால் முன்கூட்டிய பயிற்சி மிகுதியாகத் தேவைப்படுகிறது. 'குழுமு' என்னும் வினையோ ஒன்றுசேர்தலை மட்டும் சுட்டும். ஆதலால் ஹடிலுக்குக் 'குழுமல்', நோ-ஹடில் ஆஃபென்ஸுக்குக் 'குழுமாத் தாக்குதல்' என்பனவே பொருத்தமானவை. 'அழியாப் புகழ்' என்பதைப் போல இதுவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எனவே ஒற்று மிகும்.

ஆங்கிலத்தில் இம்முறையை 'ரன்' செய்ததாக எழுதுவர். அதை 'ஓடினர்' என்றோ 'ஓட்டினர்' என்றோ பெயர்க்கலாகாது. இவ்வாட்டத்தில் ஓட்டம் என்பது பந்தை எறியாமல் கையில் ஏந்தி ஓடும் நகர்வைக் குறிக்கும். குழுமாத் தாக்குதலிலோ எறிதலும் ஓட்டமும் இரண்டும் உண்டு. 'பில்ஸ் அணி குழுமாத் தாக்குதல் ஆடியது' என்று எழுதினால் போதும்.