மக்களைத் தேடி மருத்துவம்: பிரஷர் சுகர் மாத்திரை மட்டும் இல்லீங்க

தமிழ்நாடு அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம்னு சொன்னாலே பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை வீட்டுக்கு வரும், அவ்ளோதான்னு நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. அது சரிதான், ஆனா பாதிதான். பக்கவாதம் வந்து எந்திரிக்க முடியாம கிடக்குறவங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறதும், கேன்சர் முத்திப்போய் படுக்கையில இருக்கிறவங்களுக்கு நர்ஸ் வந்து புண்ணுக்கு கட்டு மாத்தி வலிக்கு வழி பண்றதும் இதே திட்டம்தான். காசு கிடையாது, வருமானச் சான்றிதழும் தேவையில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்னைக்கு கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்க, 2024ல ஐ.நா. விருதும் கிடைச்சுது.

எப்படி நடக்குதுன்னா, மகளிர் சுய உதவிக் குழுவுல இருந்து எடுத்த பெண் தன்னார்வலர் ஒருத்தர் வீடு வீடா வந்து பிரஷர், சுகர் பாப்பாங்க. அளவு கூட இருந்தா அவங்களே மாத்திரை கொடுத்துட மாட்டாங்க, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு போகச் சொல்லுவாங்க, அங்க டாக்டர் பாத்து நோய் இருக்குன்னு உறுதி பண்ணி மருந்து எழுதுன பிறகுதான் பேர் லிஸ்ட்ல ஏறும், அப்புறம் மாத்திரை வீடு தேடி வரும். 45 வயசு தாண்டினவங்க, நடமாட முடியாதவங்க, இவங்களுக்குத்தான் முன்னுரிமை. ஏற்கனவே பிரைவேட்ல காட்டி மாத்திரை சாப்பிடுறீங்கன்னா அந்தச் சீட்டை எடுத்துட்டுப் போய் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்கிட்ட காட்டுங்க. மாத்திரை அட்டையில கம்பெனி பேர் வேறயா இருக்கும், உள்ள ஒரே மருந்தா இருக்கலாம், அதனால அது சுகருக்கான மெட்ஃபார்மினா, பிரஷருக்கான அம்லோடிபினான்னு மட்டும் கேட்டு தெரிஞ்சுக்கோங்க, பழைய அட்டையையும் புது அட்டையையும் சேத்து முழுங்கிடக் கூடாது, வயசானவங்க இருக்கிற வீட்ல இதை கட்டாயம் கவனிக்கணும்.

படுத்த படுக்கையா இருக்கிறவங்க விஷயத்துக்கு வரேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமா படுது. பிசியோதெரபிஸ்டும் வலி தணிப்பு நர்ஸும் வட்டார அளவுலதான் இருக்காங்க, வண்டியில ஊர் ஊரா போறாங்க. அதனால நம்ம தெருவுக்கு தினமும் வருவாங்கன்னு எதிர்பாக்க முடியாது, இன்ன வீட்ல இன்ன மாதிரி ஒருத்தர் இருக்காருன்னு யாராவது சொன்னாத்தான் லிஸ்ட்ல சேரும், முறை வரும். தனியா இருக்கிற பாட்டி, பேச்சு வராத தாத்தா, பகல் முழுக்க வேலைக்குப் போயிடுற மகன், இந்த மாதிரி வீட்ல இருந்து யார் போய் சொல்லுவா? பக்கத்து வீட்டுக்காரங்களே துணை சுகாதார நிலையத்துல கிராம சுகாதார செவிலியர்கிட்ட சொல்லலாம், டவுன்ல இருந்தா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல சொல்லலாம். ஆஸ்பத்திரியில இருந்து அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா ஒரு ஜெராக்ஸ் கையில இருக்கட்டும். பக்கவாதத்துல ஆரம்பத்துலயே கை காலை அசைச்சு பழக்கினாத்தான் பலன் அதிகம், மூட்டு இறுகிப்போன பிறகு கஷ்டம், அதனால ஆஸ்பத்திரியில இருந்து வந்த வாரமே சொல்லிடுங்க.

கிட்னி கெட்டுப்போய் வயித்து வழியா வீட்லயே டயாலிசிஸ் பண்றவங்களுக்கு அந்த திரவப் பையும் இந்தத் திட்டத்துல வீட்டுக்கு வரும். ஆனா வயித்துல குழாய் வைக்கிறதும் பழகிக்கிறதும் பெரிய ஆஸ்பத்திரியிலதான், இதுக்கு எல்லாரும் பொருத்தமா இருக்க மாட்டாங்க, டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

இன்னொன்னு, மாத்திரை வீட்டுக்கே வருதுன்னு செக்கப்பை விட்றாதீங்க, சுகர்காரங்களுக்கு கண்ணு, கிட்னி, பாதம் இதெல்லாம் பாக்கணும், அதுக்கு நேர்லதான் போகணும். தன்னார்வலர் வரும்போது போன தடவை கொடுத்த மாத்திரை மிச்சம் இருந்தா மறைக்காம சொல்லுங்க, தலை சுத்தல், கால் வீக்கம் வந்து நிறுத்திட்டீங்கன்னாலும் சொல்லுங்க, டாக்டர் மருந்தை மாத்திக் கொடுக்க அது உதவும். மகள் வீட்டுக்கோ வேற ஊருக்கோ போய் தங்குறதா இருந்தா கிளம்புறதுக்கு முன்னாடி தன்னார்வலர்கிட்ட சொல்லிட்டு, போற ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல சீட்டைக் காட்டி அங்க பேரை பதிஞ்சுக்கோங்க, நடுவுல மருந்து நிக்கக் கூடாது.

உங்க பகுதிக்கு யார் வராங்கன்னே தெரியலன்னா 104ங்கிற சுகாதார உதவி எண்ணுக்கு போன் பண்ணி கேளுங்க, பேசும்போது ஊர் பேரும் உங்க ஆரம்ப சுகாதார நிலையம் எதுன்னும் சொல்லுங்க.