பெரணிப் பள்ளத்தாக்கின் கவண்கள்

வீட்டில் தொட்டிப் பெரணி வளர்க்கும் வாசகி ஒருவர் இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள். "இது பூச்சியா, நோயா? சுரண்டிவிடலாமா?" என்பது கேள்வி. தயவுசெய்து சுரண்டாதீர்கள். அந்தப் புள்ளி ஒவ்வொன்றுக்குள்ளும் டஜன் கணக்கில் கவண்கள் இருக்கின்றன.

இந்தக் கவண்கள் கோடிக்கணக்கில் தொங்கும் இடம் ஒன்று உண்டு. கலிஃபோர்னியாவின் வடகோடியில், பசிபிக் கரையை ஒட்டியுள்ள ஃபெர்ன் கேன்யன். பிரெய்ரி க்ரீக் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள, ரெட்வுட் என்ற மிக உயரமான மரங்களின் காடுகளோடு சேர்த்து 1980-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமானது. ஹோம் க்ரீக் என்ற சின்ன ஓடை, பழைய ஆற்றுச் சரளையையும் மணலையும் அறுத்துக்கொண்டு கடலுக்கு இறங்கியதில் உண்டான பள்ளத்தாக்கு இது. இருபுறமும் சுமார் 15 மீட்டர் உயரச் செங்குத்துச் சுவர்கள். சுவரில் மண்ணே தெரியாது. வாள் பெரணி, கருங்காம்பில் விரல்களை விரித்தாற்போன்ற ஐவிரல் பெரணி என்று மேலிருந்து கீழ்வரை பச்சை. அதன் மேல் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும்.

கோடையில் அங்கே மழை மிகக் குறைவு. ஈடுகட்டுவது மூடுபனி. கரையோரக் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போக, ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. அதன்மேல் வரும் ஈரக்காற்று குளிர்ந்து பனியாகிறது. ரெட்வுட் காட்டுக்கு ஆண்டு முழுதும் கிடைக்கும் நீரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இலைகளில் படிந்து சொட்டும் பனிநீர்தான் என்று தாவரச் சூழலியலாளர் டாட் டாசன் 1998-இல் அளந்து சொன்னார். வாள் பெரணி இன்னும் ஒரு படி மேலே போய், இலை வழியாகவே பனிநீரை உறிஞ்சிக்கொள்கிறது. கீழே ஓடையில் பசிபிக் ராட்சத சாலமாண்டர் உண்டு. கல்லுக்குக் கல் தாவி நீருக்குள் தலையை விட்டு இரைதேடும் டிப்பர் பறவை உண்டு. ஓடை கடலில் சேரும் மணல்வெளியில் ரூஸ்வெல்ட் எல்க் மான்கள் மேயும்.

இப்படி ஈரத்திலேயே வாழும் செடி, தன் வாரிசுகளை எறிய மட்டும் காற்று உலர்வதற்குக் காத்திருக்கிறது. எனக்குத் தீராத வியப்பு இதில்தான்.

ஒரு புள்ளியை லென்ஸ் வைத்துப் பாருங்கள். கசகசாவைவிடச் சிறிய உருண்டைப் பைகளின் கொத்து அது. ஒவ்வொரு பையும் ஒரு காம்பில் நிற்கும். உள்ளே ஸ்போர்கள், அதாவது வித்துத்தூள். பையின் முதுகில் சேவல் கொண்டைபோல ஒரே வரிசையில் ஒரு டஜன் செல்கள். சூட்சுமம் இந்த வரிசையில்தான். ஒவ்வொரு செல்லுக்கும் அடிச்சுவரும் பக்கச்சுவர்களும் தடிமன், வெளிச்சுவர் மட்டும் மெல்லியது. பனி விலகிக் காற்று காயும்போது அந்த மெல்லிய சுவர் வழியாக நீர் ஆவியாகிறது. ஆனால் உள்ளே வெற்றிடம் விழுவதில்லை. மிச்சமிருக்கும் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடுவதில்லை, சுவரையும் விடுவதில்லை. மெல்லிய சுவர் உள்ளே குழிய, பக்கச்சுவர்கள் நெருங்குகின்றன. எல்லாச் செல்லும் சேர்ந்து இப்படிச் சுருங்கியதும், வெயிலில் காயும் அப்பளத்தின் ஓரம்போல முழு வரிசையும் பின்னால் வளைகிறது. பை பிளந்து, ஸ்போர்களைச் சுமந்த பாதி மல்லாந்து நிற்கிறது.

அப்போது செல்லுக்குள் நீர் படும் இழுவிசை வளிமண்டல அழுத்தத்தைப்போல ஏறத்தாழ 90 மடங்கு! அதற்கு மேல் நீரால் தாங்க முடியாது. சோடா பாட்டிலைத் திறந்ததுபோல ஒரு செல்லில் குமிழி கிளம்பும், உடனே மற்றவற்றிலும். பிடி விட்டுப்போக, வரிசை முன்னால் பாய்கிறது. ஸ்போர்கள் நொடிக்கு 10 மீட்டர் வேகம் வரை பறக்கின்றன.

கவண் என்றால் கை ஓரிடத்தில் சட்டென நிற்க வேண்டும். அப்போதுதான் கல் கையைவிட்டுப் பறக்கும். மனிதர் செய்த கல்லெறி பொறிகளில் அதற்கென்றே ஒரு குறுக்குச்சட்டம் இருக்கும். பெரணியில் அப்படி எதுவும் இல்லை. இயற்பியலாளர் சேவியர் நோப்ளானின் குழு 2012-இல் அதிவேகக் கேமராவில் விடையைப் பிடித்தது. முதல் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தை வரிசை சில பத்து மைக்ரோநொடிகளில் கடக்கிறது. அதன்பின், செல்சுவரின் நுண்துளைகளில் உள்ள நீர் அவ்வளவு விரைவாக நகர முடியாததால், மீதித் தூரத்துக்குச் சில நூறு மில்லிநொடிகள் ஆகின்றன. அந்தத் தயக்கம்தான் பிரேக். நீரே நாண், நீரே விசை, நீரே தடை.

பூவும் விதையும் கண்ணில் படாததால், பெரணி விதை மாயமானது, அதை வைத்திருப்பவர் மறைந்து நடமாடலாம் என்று ஐரோப்பாவில் நெடுங்காலம் நம்பினார்கள். நாம் அத்திப் பூவை வைத்துப் பழமொழி கட்டியதற்கும் பூ உள்ளே ஒளிந்திருப்பதுதான் காரணம். பெரணியின் ரகசியத்தை 1851-இல் தெளிவாக்கிய வில்ஹெல்ம் ஹாஃப்மைஸ்டர், தந்தையின் இசைநூல் கடையில் வேலைபார்த்தவர். ஸ்போர் முளைத்துச் செடியாவதில்லை, நகக்கண் அளவு பச்சைத் தகடாகிறது. அதில் ஆணணுக்கள் ஈரப்படலத்தில் நீந்திப்போய் முட்டையோடு சேர்ந்த பிறகே பெரணி பிறக்கிறது. எறிவதற்கு உலர்வு, கூடுவதற்கு ஈரம்; இரண்டும் மாறி மாறி வருவதால்தான் பனியுள்ள பள்ளத்தாக்கில் இத்தனை பெரணி.

"இதனால் என்ன லாபம்?" என்று விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே கேட்கும் நிதிக்குழுவிடம் இந்தக் கேமராவுக்குப் பணம் கேட்டால் கிடைக்குமா? கிடைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மரத்தின் வேரிலிருந்து உச்சி இலைவரை நீர் ஏறுவதும் இப்படி இழுபட்டுத்தான்; இழுபட்ட நீர் எப்போது அறுகிறது என்பது உயரமான எந்த மரத்துக்கும் உயிர்ப் பிரச்சினை.

அந்த வாசகிக்கு: புள்ளிகள் நன்கு பழுத்திருந்தால் ஓர் இலையை நறுக்கி, புள்ளிப் பக்கம் கீழாக வெள்ளைத்தாளில் வைத்து, காற்றுப்படாத உலர்ந்த இடத்தில் ஓரிரவு விடுங்கள். காலையில் இலையை எடுத்தால், அதன் வடிவமே பழுப்புத் தூளில் தாள்மேல் படிந்திருக்கும்.