அலாஸ்காவில் கடல் ஏன் பொரிகிறது?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். மகன் அமெரிக்காவில் வேலை பார்க்கிறார். போன கோடையில் அப்பா அம்மாவை அலாஸ்காவுக்கு அழைத்துப்போய், சூவர்ட் என்ற சிறு துறைமுகத்தில் ஒரு சின்னப் படகில் ஏற்றியிருக்கிறார். திமிங்கிலம், பனியாறு இரண்டையும் ஒரே நாளில் காட்டும் சுற்றுலா. "எல்லாம் பார்த்தோம். ஆனால் பனிச்சுவருக்கு எதிரே படகுக்காரர் இன்ஜினை நிறுத்தியதும், கடல் முழுக்க அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அது என்ன சார்?" என்பது கேள்வி. கூடவே ஒரு வாட்ஸ்அப் செய்தியும் அனுப்பியிருக்கிறார். பனிமலைகள் 'ஓம்' என்று ஒலிப்பதை நாசா பதிவு செய்துவிட்டதாம். அதற்கு அப்புறம் வருகிறேன்.

பனியாறு எப்படி உருவாகிறது என்பது பள்ளிப் பாடம்தான். மலைமேல் விழும் பனி கோடையிலும் முழுதாக உருகாமல், ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்கிறது. மேல் அடுக்கின் பாரத்தில் கீழ் அடுக்கு இறுகிப் பனிக்கட்டியாகி, மெல்ல நகர்ந்து பள்ளத்தாக்கில் இறங்குகிறது. சில பனியாறுகள் கடலிலேயே வந்து முடியும். அந்தச் சுவர் நீலமாகத் தெரிவது ஏன் என்றால், இறுகிய பனிக்கட்டி சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுகிறது. அவ்வளவுதான்.

நமக்கு வேண்டியது அந்தக் கட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று. பனித் துகள்களுக்கு இடையே காற்று நிறைய இருக்கும். அடுக்கு இறுக இறுக அந்த இடைவெளிகள் மூடிக்கொண்டு தனித்தனிக் குமிழிகளாகிவிடும். அதற்குப் பிறகு காற்று வெளியேற வழியில்லை. மேலே பாரம் கூடும்போது குமிழி நசுங்குகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. கிரீன்லாந்திலிருந்து வந்த பனிப்பாறைகளில் 1960 வாக்கில் அளந்தபோது, சில குமிழிகளில் வளிமண்டல அழுத்தத்தைப்போல 20 மடங்குவரை இருந்தது. பல தலைமுறைகளுக்கு முன் அடைபட்ட காற்று அது. கடலுக்கு வந்து கட்டி உருகும்போது குமிழியின் சுவர் மெலிந்து, ஒரு கட்டத்தில் உடைகிறது.

உடைந்தால் சத்தம் வரும், சரி. ஆனால் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள், கைப்பிடி திருப்பித் தள்ளும். அடைபட்ட காற்று ஒரு சுருள்வில். குமிழியைச் சூழ்ந்த தண்ணீருக்கோ எடை உண்டு. பனியிலிருந்து விடுபட்ட காற்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு விரிகிறது. தள்ளப்பட்ட தண்ணீர் சொன்ன இடத்தில் நிற்காது, வந்த வேகத்தில் கொஞ்சம் தாண்டிப் போய்விடும். இப்போது குமிழி அளவுக்கு மீறிப் பெருத்து, உள்ளே அழுத்தம் குறைந்துவிட்டது. தண்ணீர் திரும்பி வந்து நெருக்குகிறது. அதுவும் மிஞ்சி நெருக்க, காற்று மறுபடி தள்ளுகிறது. பெருத்து, சிறுத்து, பெருத்து, சிறுத்து... ஒரு மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்கு ஏறக்குறைய 3,300 முறை இப்படி அதிரும். ஆரம் இரண்டு மடங்கானால் அதிர்வெண் பாதியாகும். கண்ணிமைப்பதற்குள் எல்லாம் ஓய்ந்துவிடும், ஆனால் ஒவ்வொரு குமிழிக்கும் தன் அளவுக்கேற்ற ஒரு சுரம் உண்டு.

இந்தக் கணக்கை 1933-இல் போட்டவர் மார்செல் மின்னார்ட். நெதர்லாந்தில் சூரியனை ஆராய்ந்துகொண்டிருந்த வானியலாளர். ஓடும் தண்ணீர் ஏன் சலசலக்கிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. இன்று நம் ஊரில் யாராவது இந்தத் தலைப்பில் ஆய்வுநிதி கேட்டால், விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக்கூடத் தாண்டமாட்டார்கள்.

காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு மின்னார்ட்டின் விடை உடனே புரியும். தண்ணீர் நிறைந்து போகும்போது நடு ஆற்றில் சத்தமே இருக்காது. கல்லணை மதகில் விழும்போதும், வாய்க்கால் மடையில் புகும்போதும்தான் இரைச்சல். அங்கேதான் தண்ணீர் காற்றை விழுங்குகிறது. நாம் கேட்கும் சலசலப்பில் பெரும்பங்கு, அகப்பட்ட குமிழிகள் அதிர்வதுதான்.

அலாஸ்காவில் இது லட்சக்கணக்கான குமிழிகளோடு இரவும் பகலும் நடக்கிறது. எரின் பெட்டிட் என்ற பனியாற்று ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தண்ணீருக்குள் மைக் போட்டு அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். பனியாறு வந்து முடியும் ஒடுங்கிய கடற்கழிகள் கடலிலேயே மிக இரைச்சலான இடங்களில் சேர்த்தி என்று தெரிந்தது. சத்தம் உச்சத்தில் இருப்பது நொடிக்கு 1,000 முதல் 3,000 அதிர்வுகளில். ஆண் குரலில் 'ஓம்' சொன்னால் அடிப்படைச் சுரம் நூறு, நூற்றைம்பதைச் சுற்றித்தான் இருக்கும். ஆகவே பனியாறு ஓம் சொல்லவில்லை, 'ஸ்ஸ்' என்று சீறுகிறது. பக்திக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெடிக்கும் குமிழி சும்மாவும் போவதில்லை. மேலே ஏறும்போது, பனிச்சுவரை ஒட்டி நிற்கும் குளிர்ந்த நீரைக் கலைத்துவிட்டு, வெதுவெதுப்பான கடல்நீரைச் சுவரோடு சேர்த்துவிடுகிறது. குமிழியுள்ள பனி, குமிழியில்லாத பனியைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் உருகுவதாக 2023-இல் ஓர் ஆய்வு காட்டியது. கடல்மட்டம் ஏறினால் முதலில் உப்பேறுவது வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்து வயல்களில். அதனால் இந்தக் கணக்கு நமக்கும் வேண்டும்.

ஆசிரியர் பார்த்த திமிங்கிலமும் குமிழிக்காரன்தான். ஹவாயில் குளிர்காலத்தைப் பட்டினியோடு கழித்துவிட்டு, கோடையில் சாப்பிடுவதற்கென்றே அலாஸ்கா வருகின்றன கூன்முதுகுத் திமிங்கிலங்கள். சில இடங்களில் கூட்டமாக வேட்டையாடும். ஒன்று மீன்கூட்டத்துக்கு அடியில் வட்டமடித்தபடி மூச்சை விடும். நம் மத்தியின் உறவான ஹெர்ரிங் மீன்கள் அந்தக் குமிழி வளையத்தைத் தாண்ட அஞ்சி நடுவில் நெருங்கும். பிறகு எல்லாத் திமிங்கிலங்களும் வாயைப் பிளந்துகொண்டு மேலே எழும். வெறும் காற்றுக்கு ஏன் அஞ்ச வேண்டும்? குமிழி கலந்த நீரில் ஒலியின் வேகம் வெகுவாகக் குறையும். அதனால் திமிங்கிலங்களின் குரல் வளையச் சுவருக்குள்ளேயே சிக்கி, சுவர் முழுக்க அலறும், நடுவில் மட்டும் அமைதியாக இருக்கும் என்பது டிம் லைட்டன் என்ற ஒலியியலாளரின் ஊகம். நிரூபணமானதல்ல, ஆனாலும் எனக்குப் பிடித்த ஊகம்.

குமிழிச் சத்தம் கேட்க எல்லாரும் அலாஸ்கா போக வேண்டியதில்லை, மகன் அமெரிக்காவில் இருக்க வேண்டியதுமில்லை. வெப்பமண்டலக் கடலோரங்களில் சொடுக்கு இறால் என்று விரல்நீள உயிரி உண்டு. அது கொடுக்கை மூடும் வேகத்தில் தண்ணீரில் ஒரு குமிழி தோன்றி நொறுங்கும். சொடக்குச் சத்தம் கொடுக்கிலிருந்து வருவதில்லை, அந்தக் குமிழியிலிருந்துதான் என்பது 2000-ஆம் ஆண்டில்தான் தெரிந்தது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போகிறவர்கள், மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையைக் காதோடு அழுத்திக் கேட்டுப் பாருங்கள்.

ஆழ்கடல் திட்டத்துக்கு மத்திய அரசு 2021-இல் 4,077 கோடி ரூபாய் ஒதுக்கியது. மனிதரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு அனுப்பட்டும், மகிழ்ச்சி. ஆனால் நம் கரையை ஒட்டிய ஆழமற்ற பாக் விரிகுடாவில், தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டர் 2022 முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக இருக்கிறது. கடற்பசு கீச்சிட்டுப் பேசும் விலங்கு. அங்கே நிரந்தரமாகச் சில மைக்குகளைப் போட்டால், எத்தனை கடற்பசு எங்கே மேய்கிறது என்று கலங்கிய தண்ணீரிலும் ஓரளவு தெரிந்துவிடும். இரவில் கரையோரமாக வந்து இழுவலை போட்ட விசைப்படகு எது என்பதும் அதே பதிவில் இருக்கும், ஆகவே இந்த யோசனைக்கு எல்லாத் தரப்பும் கைதட்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.