கரண்ட் போனால் எண்ணூர் டேங்க் என்ன ஆகும்?

அத்திப்பட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “எண்ணூர் துறைமுகத்துல ரெண்டு பெரிய எல்என்ஜி டேங்க் நிக்குது. உள்ள மைனஸ் 162 டிகிரியாம். அவ்வளவு குளிரை எந்த ஏசி மெஷின் கொடுக்குது? கரண்ட் போச்சுன்னா என்ன சார் ஆகும்?”

எல்என்ஜி என்பது குளிரவைத்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு, பெரும்பாலும் மீத்தேன். கப்பலில் வரும்போதே அந்தக் குளிரோடுதான் வரும். டேங்கில் ஏசி மெஷினே கிடையாது. அது ஒரு பெரிய மண்பானை.

பானைத் தண்ணீர் வெளியே கசிந்து ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் மிச்சத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. டேங்கிலும் அதே கதைதான். எவ்வளவு தடுத்தாலும் எண்ணூர் வெயில் கொஞ்சம் உள்ளே நுழையும். அதற்குக் கொஞ்சம் திரவம் கொதித்து ஆவியாகும். அந்த ஆவியை எடுத்துவிட்டுக்கொண்டே இருந்தால் போதும், மிச்சம் அதே மைனஸ் 162-இல் கிடக்கும். வீட்டு சிலிண்டர் வேறு ஜாதி. அதில் இருக்கும் வாயுவைத் திரவமாக வைத்திருப்பது அழுத்தம். இங்கே வைத்திருப்பது குளிர். டேங்கின் ஆவி அழுத்தம் நம் வளிமண்டலத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

2019-இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் முனையத்தில் ஒவ்வொரு டேங்கும் 1,80,000 கன மீட்டர் கொள்ளும். எடையில் ஏறக்குறைய 80,000 டன். இந்த அளவு டேங்கில் ஒரு நாளைக்கு ஆவியாவது சுமார் 0.05 சதவீதம், அதாவது 40 டன். இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் சுவர். உள்ளே எஃகுத் தொட்டி, வெளியே கான்கிரீட் தொட்டி, நடுவே பெர்லைட். எரிமலைக் கண்ணாடிப் பாறையைப் பொடித்துச் சூடேற்றினால் நெல்லுப்பொரி மாதிரி பொரிந்து வரும் வெள்ளைச் சரக்கு அது. அடியில் பொரி தாங்காது, நசுங்கிவிடும். அங்கே நுரைபோல ஊதிய கண்ணாடிக் கட்டிகளை அடுக்குகிறார்கள்.

உள் தொட்டி எஃகில் 9 சதவீதம் நிக்கல் இருக்கும். சாதா எஃகு இந்தக் குளிரில் அப்பளம், தட்டினால் உடையும். 1944 அக்டோபர் 20 அன்று அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 3.5 சதவீத நிக்கல் எஃகில் செய்த தொட்டி ஒன்று பிளந்தது. திரவம் தெருவில் ஓடிச் சாக்கடைக்குள் இறங்கி ஆவியாகித் தீப்பிடித்தது. சுமார் 130 பேர் இறந்தார்கள். சுற்றிலும் இரண்டாவது சுவர் வைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

சுவர் நன்றாக இருந்தும் வரக்கூடிய ஒரு வம்பு உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வம்பு.

நன்னாரி சர்பத் போடுபவரைக் கவனியுங்கள். கிளாசின் அடியில் பாகு, மேலே மெல்ல ஊற்றிய தண்ணீர். கலக்காதவரை இரண்டும் தனித்தனியாக நிற்கும். எல்என்ஜியும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. மீத்தேனோடு ஈத்தேன், புரோப்பேன் கூடுதலாக இருந்தால் கனமான சரக்கு. லேசான சரக்கு இருக்கும் டேங்கில் கனமானதை அடிவழியாக ஏற்றினால் சர்பத் கிளாஸ் தயார்.

மேலடுக்குக்குக் கவலை இல்லை, ஆவியாகிக் குளிர்ந்துகொள்ளும். கீழடுக்குக்குத்தான் சிக்கல். வெப்பம் சுவர் வழியாகவும் தரை வழியாகவும் அதற்குள்ளும் வருகிறது, ஆனால் கொதிக்க முடியவில்லை. தலைமேல் திரவத்தின் எடை. முப்பத்தைந்து மீட்டர் ஆழத்தில் அந்த எடை மட்டுமே ஒன்றரை வளிமண்டல அழுத்தம் வரும். கொதிநிலை பத்து டிகிரிக்கு மேல் உயர்ந்துவிடும். மூடி போட்ட குக்கர் மாதிரி கீழடுக்கு வெப்பத்தைச் சத்தமில்லாமல் சேர்த்து வைக்கிறது.

சூடேறச் சூடேற விரிந்து லேசாகிறது. மேலே இருப்பதோ மீத்தேனை இழந்து இழந்து கனமாகிறது. ஒரு கட்டத்தில் இரண்டின் அடர்த்தியும் சமம். அந்த நொடியில் நடுக்கோடு அழிகிறது. கீழே இருந்தது மேலே புரண்டு வருகிறது. மேலே வந்ததும் தலைச்சுமை இல்லை, குக்கர் மூடி திறந்த கதைதான். கணக்குப் போட்டுப் பார்த்தேன். டேங்கின் கீழ்ப்பாதி வெறும் ஒரு டிகிரி கூடுதலாகச் சூடேறியிருந்தாலே சுமார் 270 டன் ஆவி. ஒரு வாரம் முழுக்க வரவேண்டியது மொத்தமாக வந்து நிற்கும். ஒரே ஒரு டிகிரி!

1971 ஆகஸ்டில் இத்தாலியின் லா ஸ்பெசியாவில் இதுதான் நடந்தது. ‘எஸ்ஸோ பிரேகா’ கப்பல் சரக்கை இறக்காமல் ஒரு மாதம் போலத் துறைமுகத்தில் காத்திருந்தது. அதற்குள் சரக்கு சூடேறி, மீத்தேனை இழந்து கனமாகியிருந்தது. அதைக் கரையில் லேசான சரக்கு இருந்த டேங்கில் அடிவழியாக ஏற்றினார்கள். இரண்டு சரக்கின் அடர்த்தி வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. 18 மணி நேரம் கழித்துப் புரண்டது. சுமார் 2,000 டன் ஆவி வெளியேறியது. நல்லவேளை, தீப்பிடிக்கவில்லை. அன்றுவரை இந்தத் தொழிலில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்கவில்லை.

இதே இயற்பியலை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். குஜராத்தின் பூஜ் நகரில் 6,000 சதுர மீட்டரில் உப்புநீர்க் குளம் வெட்டி, அடியில் கிடக்கும் கனமான உப்புநீரில் சிக்கிய சூரிய வெப்பத்தை எடுத்துப் பால் பண்ணைக்கு வெந்நீர் கொடுத்தார்கள். வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்துக்கா பஞ்சம்? இங்கேயும் இப்படிக் குளம் வெட்டிப் பார்க்கலாமே என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

இப்போது டேங்கில் மேல்வழி, கீழ்வழி என இரண்டு குழாய்கள் உண்டு. கனமான சரக்கு மேல்வழியாக, லேசானது கீழ்வழியாக, இறங்கும்போதே கலந்துவிடும். கூடவே கம்பியில் தொங்கும் ஒரு கருவி, கிணற்றில் வாளி விடுவதுபோல இறங்கி ஏறி, ஆழத்துக்கு ஆழம் வெப்பத்தையும் அடர்த்தியையும் அளக்கிறது. இரண்டு அடுக்கு தெரிந்தால் பம்பு போட்டுக் கலக்கிவிடுவார்கள், சர்பத்காரர் ஸ்பூன் போடுவதுபோல.

சரி, கரண்ட் போனால்? ஜெனரேட்டரும் ஓடவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆவியை உறிஞ்சும் கம்ப்ரசர் நிற்கும், அழுத்தம் மெல்ல ஏறும், மிஞ்சும் ஆவி எரிகோபுரத்துக்குப் போய் எரியும். அதுவும் போதாவிட்டால் கூரையில் உள்ள பாதுகாப்பு வால்வு திறக்கும். அதற்குக் கரண்ட் தேவையில்லை. உள்ளே இருப்பது நாளுக்கு 40 டன் வீதம் குறையும், அவ்வளவுதான். தரையில் உட்காரும் டேங்குகளில் இன்னொன்றும் நிற்கும்: அடியில் உள்ள ஹீட்டர். ஆமாம், மைனஸ் 162 டேங்குக்கு அடியில் ஹீட்டர்! அது இல்லாவிட்டால் மண்ணில் உள்ள ஈரம் உறைந்து, உப்பி, டேங்கையே தூக்கிவிடும். ஆனால் மண் அவ்வளவு சீக்கிரம் உறையாது. ஒரு ராத்திரி கரண்ட் இல்லையென்றால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது.